11 மாதக் குழந்தைக்குப் பால் கொடுக்கிறேன், மீண்டும் கருவுற்றிருக்கிறேன்: உடனே நிறுத்த வேண்டுமா?

பொங்கோல் தாய் (தொடக்கப் பதிவு)

சிங்கப்பூர்த் தாய்மார் அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்கு இந்த வாரத்துடன் 11 மாதம் நிறைகிறது. நான் மீண்டும் கருவுற்றிருப்பது சென்ற வாரம்தான் உறுதியானது. இப்போது 8ஆவது வாரம் நடக்கிறது. மகள் காலையில் கண் விழித்ததும், மாலையில் நான் வேலை முடிந்து வந்ததும், உறங்கப் போகும்போதும், இரவில் இரண்டு முறையும் என்னிடம் பால் குடிக்கிறாள். பகலில் குழந்தைப் பராமரிப்பு நிலையத்தில், நான் அலுவலகத்தில் பீய்ச்சி எடுத்துவைத்த பாலைப் புட்டியில் கொடுக்கிறார்கள்.

செய்தியைக் கேட்ட அன்றே என் மாமியார், "வயிற்றில் ஒன்று இருக்கும்போது மடியில் இருப்பதற்கும் கொடுத்தால் இரண்டும் தேறாது, பிள்ளை சவலையாகிவிடும்" என்று சொல்லி, மறுநாளே தேக்கா சந்தையிலிருந்து வேப்பிலை வாங்கி வந்துவிட்டார். அரைத்துக் காம்பில் பூசிக்கொண்டால் மூன்று நாளில் பிள்ளை மறந்துவிடும் என்கிறார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். நான் சென்ற மருந்தகத்தின் மருத்துவரும், முதல் பிரசவம் எப்படி இருந்தது என்றுகூடக் கேட்காமல், "கருப்பை சுருங்கும், இன்றே நிறுத்திவிடுங்கள்" என்று இரண்டே வரியில் சொல்லி அனுப்பிவிட்டார். முதல் பிரசவம் 39 வாரத்தில் இயல்பாகவே நடந்தது.

வேறு இரண்டு விஷயங்களும் என்னைக் குழப்புகின்றன. மகள் வாய் வைத்தவுடன் காம்பில் ஊசி குத்துவதுபோல் வலிக்கிறது. பகலில் ஒரு முறை பீய்ச்சினால் முன்பு 150 மில்லிலிட்டர் கிடைக்கும். நேற்று 70தான் கிடைத்தது. புட்டியின் கோடுகளைப் பார்த்துக்கொண்டு அலுவலகத்தின் சிறிய அறையில் அழுதுகொண்டிருந்தேன். இதே நிலையைக் கடந்து வந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.

உட்லண்ட்ஸ் அக்கா

தங்கையே, முதலில் வாழ்த்துகள். என் மூத்தவனுக்கு 16 மாதம் இருக்கும்போது இரண்டாவது உண்டானது. பிரசவ நாள்வரை அவனுக்குப் பால் கொடுத்தேன். அந்த வலி எனக்கும் இருந்தது. பிள்ளை கடிக்கிறானோ, புண்ணாகிவிட்டதோ என்று பயந்தேன். இரண்டும் இல்லை, கர்ப்பத்தின் ஆரம்பத்தில் மார்பு இயல்பாகவே மென்மையாகிவிடுவதால் வருவது அது. அவனை மடியில் நேராக உட்கார வைத்து, வாயை நன்றாக அகலத் திறக்கச் செய்து கொடுத்தபோது ஓரளவு குறைந்தது. முழுதாகத் தீரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நான்காவது மாதத்தில் பால் வெகுவாகக் குறைந்தது. ஒரு நாள் மாலை, வழக்கம்போல் மடியில் ஏறியவன், நான்கைந்து முறை சப்பிவிட்டு, வாயை எடுத்து என் முகத்தை நிமிர்ந்து பார்த்தான். மறுபக்கத்தை முயன்றான். பிறகு உள்ளங்கையால் மார்பை மெல்லத் தட்டினான், அடைத்துக்கொண்ட சாஸ் புட்டியைத் தட்டுவதுபோல். எனக்கு நெஞ்சே பிளந்துவிட்டது. ஆனால் அவன் சோறும் பருப்பும் மீனும் நன்றாகத் தின்னும் வயதில் இருந்தான். உங்கள் மகளுக்கு இன்னும் ஒரு வயது ஆகவில்லை என்பதால் உங்கள் கணக்கு வேறு. அதை விவரம் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

முன்னாள் தாதி

நான் 20 ஆண்டுகளுக்கும் மேலாகப் பிரசவப் பிரிவில் தாதியாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள். உங்கள் மருத்துவரின் இடத்தில் நான் இல்லை. உங்கள் உடலைப் பார்த்தவளும் இல்லை. ஆனாலும் பொதுவாக உறுதிப்பட்ட விஷயங்களை எழுதுகிறேன்.

குழந்தை சப்பும்போது தாயின் உடலில் ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் சுரக்கிறது. பாலை இறங்கச் செய்வதும், பிரசவத்தின்போது கருப்பையைச் சுருங்கச் செய்வதும் அதே ஹார்மோன்தான். இந்த ஒற்றுமையிலிருந்துதான் "பால் கொடுத்தால் கரு கலையும்" என்ற அச்சம் பிறந்தது. ஆனால் கர்ப்பத்தின் பெரும்பகுதியில் கருப்பை அந்த ஹார்மோனுக்கு அவ்வளவாகச் செவிசாய்ப்பதில்லை. அதை ஏற்றுக்கொள்ளும் ஏற்பிகள் பிரசவ காலம் நெருங்கும்போதுதான் பெருகுகின்றன. சிக்கலற்ற கர்ப்பத்தில், தொடர்ந்து பால் கொடுத்த தாய்மாருக்குக் கருச்சிதைவோ குறைமாதப் பிரசவமோ கூடுதலாக ஏற்பட்டதாகப் பெரும்பாலான ஆய்வுகள் காட்டவில்லை.

"சிக்கலற்ற" என்ற சொல்லைக் கவனியுங்கள். முன்பு குறைமாதப் பிரசவம் ஆனவர்கள், கருப்பை வாய் வலுவிழந்து தையல் போடப்பட்டவர்கள், இரத்தக்கசிவு உள்ளவர்கள், இரட்டைக் குழந்தைகளைச் சுமப்பவர்கள், வயிறு அடிக்கடி இறுகுவதை உணர்பவர்கள் ஆகியோரின் நிலை வேறு. தாம்பத்திய உறவையே தவிர்க்கும்படி மருத்துவர் சொல்லியிருந்தால், பால் கொடுப்பதைப் பற்றியும் அவரிடம் கட்டாயம் கேட்க வேண்டும். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் உங்களுக்கு இவை எதுவும் இல்லை. அடுத்த முறை மகப்பேறு மருத்துவரைப் பார்க்கும்போது, இந்தப் பட்டியலை ஒவ்வொன்றாகச் சொல்லி, "இவற்றில் எனக்கு ஏதாவது உண்டா?" என்று கேளுங்கள். அப்படிக் கேட்டால் இரண்டு வரிப் பதில் கிடைக்காது.

பால் குறைவது உங்கள் குற்றமன்று. கர்ப்பத்தில் உயரும் புரோஜெஸ்டெரோன், ஈஸ்ட்ரோஜென் என்ற ஹார்மோன்கள் பால் உற்பத்தியை அடக்குகின்றன. இன்னும் அடிக்கடி பீய்ச்சுவதாலோ, வெந்தயமும் பூண்டும் கூடுதலாகச் சாப்பிடுவதாலோ இதை வெல்ல முடியாது. வெறும் களைப்புத்தான் மிஞ்சும். நாள் செல்லச் செல்லப் பாலின் சுவையும் மாறும்: இனிப்பு குறைந்து உப்பு கூடும். ஏறத்தாழ 16ஆவது வாரத்திலிருந்து உடல் புதிய குழந்தைக்கான சீம்பாலைத் தயாரிக்கத் தொடங்கிவிடும். பல குழந்தைகள் அந்தக் கட்டத்தில் தாமாகவே விலகிவிடுகின்றன.

எனக்குக் கவலை தருவது உங்கள் கருவைவிட உங்கள் மகளின் வயிறுதான். ஒரு வயதுக்கு முன் பால் குறைந்தால், அந்த இடத்தை நிரப்பியாக வேண்டும். 12 மாதம் நிறையும்வரை அதற்குக் குழந்தைப் பால்மாவு தேவை. பசும்பாலை முக்கிய பானமாகத் தருவது ஒரு வயதுக்குப் பிறகுதான். அவளுடைய சுகாதாரக் கையேட்டில் உள்ள வளர்ச்சிக் கோட்டில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை எடையைக் குறித்து வாருங்கள். ஈரமான அணையாடை எத்தனை என்பதையும் எண்ணுங்கள்.

ஜூரோங் வெஸ்ட் அம்மா

முன்னாள் தாதி அவர்கள் சொன்ன பட்டியலில் நான் இருந்தேன். என் முதல் பிள்ளை 31 வாரத்தில் பிறந்தான். அவனுக்கு 14 மாதம் இருக்கும்போது மீண்டும் கருவுற்றேன். 10ஆவது வாரத்தில் இலேசான இரத்தக்கசிவு கண்டதும் மருத்துவர் நிறுத்தச் சொன்னார், நிறுத்தினேன். இங்கே தொடர்ந்து கொடுத்த தாய்மாரின் அனுபவங்களைப் படிக்கும்போது, நிறுத்தியவர்கள் பாசத்தில் குறைந்தவர்கள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். அவனை மடியில் வைத்துக்கொண்டு புட்டியில் கொடுத்தேன். அவன் என் கழுத்துச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டே குடித்தான், முன்பு பிடித்துக்கொண்டதைப் போலவே.

தெம்பனிஸ் பாட்டி

என் பேத்தி இந்த இழையை வாசித்துக் காட்டினாள். நான் சொல்லச் சொல்ல அவளே தட்டச்சு செய்கிறாள்.

சவலை என்ற சொல்லை இந்தக் காலத்துப் பிள்ளைகள் மூடநம்பிக்கை என்று தள்ளிவிடக் கூடாது. நான் அதைக் கண்ணால் பார்த்தவள். செம்பவாங் பக்கம் கம்பத்து (கிராமத்து) வீட்டில் இருந்தபோது, என் தம்பிக்கு 9 மாதமாகும்போது அம்மாவுக்கு அடுத்தது உண்டாகிவிட்டது. அதைத் தெரிந்துகொண்ட அன்றே பாட்டி பாலை நிறுத்திவிட்டார். தம்பிக்குக் கஞ்சித்தண்ணீரும், டின் பாலைச் சுடுநீரில் கரைத்த பானமும்தான் கிடைத்தன. இரண்டே மாதத்தில் கை கால் சூம்பி, வயிறு மட்டும் முன்னே தள்ளி, முடி செம்பட்டையாகிவிட்டது. எந்நேரமும் சிணுங்கிக்கொண்டே இருப்பான், இடுப்பை விட்டு இறங்க மாட்டான். "வயிற்றுப்பிள்ளை இவன் சத்தை இழுக்கிறது" என்று எல்லாரும் சொன்னார்கள். பக்கத்து வீட்டு மலாய் மாமி ஒருவர் நாள்தோறும் மீனை ஆய்ந்து சோற்றில் பிசைந்து ஊட்ட ஆரம்பித்த பிறகுதான் அவன் தேறினான். இன்று அவனுக்கு 64 வயது.

அம்மாவின் பால் கெட்டுப்போனதாலா அவன் அப்படியானான், பால் கிடைக்காமல் போனதாலா? இத்தனை ஆண்டுகளாக எனக்குள் இருந்த கேள்வி இது. தாதி சொன்னதைக் கேட்டபின் இரண்டாவதுதான் என்று தோன்றுகிறது. அந்த மாமியார் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது என்று அந்தப் பெண்ணிடம் சொல்லுங்கள்.

முன்னாள் தாதி

பாட்டியம்மா, உங்களுக்குத் தோன்றியது முற்றிலும் சரி. மருத்துவ வரலாற்றிலும் இதே கதை உண்டு. அதில் நம் ஊருக்கும் ஓர் இடம் இருக்கிறது.

சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவர் 1930களில் மேற்கு ஆப்பிரிக்காவின் தங்கக் கடற்கரையில், அதாவது இன்றைய கானாவில், பணியாற்றினார். அங்கே, தாய் மறுபடியும் பிரசவித்ததும் தாய்ப்பாலிலிருந்து விலக்கப்பட்டு, மக்காச்சோளக் கஞ்சி மட்டுமே உணவான குழந்தைகள் வீங்கி, முடி வெளுத்து இறந்துகொண்டிருந்தன. கா மொழி பேசும் தாய்மார் அந்த நோய்க்கு "குவாஷியோர்கர்" என்று பெயர் வைத்திருந்தார்கள். அடுத்த குழந்தை வரும்போது மூத்ததைப் பற்றும் நோய் என்று அவர் அதற்குப் பொருள் எழுதினார். அந்தப் பெயரையே 1935இல் மருத்துவ உலகுக்கு அறிமுகம் செய்தார். காரணம் தாயின் பாலில் இல்லை, அந்தப் பாலுக்குப் பதிலாக வந்த உணவில் புரதம் இல்லாததே என்பது அவருடைய முடிவு. நம் "சவலை"க்கும் அந்தச் சொல்லுக்கும் உள்ள நெருக்கத்தை நினைத்தால் எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கிறது. கடலுக்கு அப்பால் இருந்த இரண்டு சமூகத்துத் தாய்மார் ஒரே காட்சியைக் கண்டு, தத்தம் மொழியில் அதற்குப் பெயர் சூட்டியிருக்கிறார்கள்.

அதே வில்லியம்ஸ் அம்மையார் பின்னர் மலாயாவுக்கு மாற்றப்பட்டு, சிங்கப்பூரில் பணியாற்றினார். இனிப்பூட்டிய டின் பாலைக் குழந்தைகளுக்கு ஏற்ற உணவு என்று விற்றுவந்ததைக் கண்டு கொதித்துப்போய், 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் "பாலும் கொலையும்" என்ற தலைப்பில் உரையாற்றினார். ஜப்பானியர் ஆட்சியில் சாங்கியில் சிறையும் இருந்தார். உங்கள் தம்பி குடித்த அந்த டின் பால் எத்தகையது என்பதை அவர் அதற்கும் முன்னரே இந்த ஊரில் நின்று சொல்லியிருந்தார். கம்பங்களுக்கு அந்தக் குரல் எட்டவில்லை.

இனி வேம்பு பற்றி. இலையை அரைத்துப் பூசுவதால் பிள்ளைக்குக் கசப்பும் அதிர்ச்சியும்தான் மிஞ்சும். ஆனால் சில வீடுகளில் இலைக்குப் பதில் வேப்பெண்ணெயைத் தடவுகிறார்கள். அது ஆபத்து. வேப்பெண்ணெய் வயிற்றுக்குள் போன குழந்தைகள் வாந்தியும் மயக்கமும் மூளைப் பாதிப்பும் கண்டதை மலேசிய மருத்துவர்கள் 1981இலேயே எழுதியிருக்கிறார்கள். அந்தப் புட்டியைக் குழந்தையின் பக்கமே கொண்டுவர வேண்டாம்.

திடீரென்று நிறுத்தினால் தாய்க்கும் துன்பம்: பால் கட்டிக்கொண்டு, காய்ச்சல் வந்து, மார்பு சிவந்து சீழ் பிடிக்கக்கூடும். ஐந்து வேளை குடிக்கும் பிள்ளைக்கு ஒரு வேளையை விலக்கி, நான்கைந்து நாள் பொறுத்து, மார்பு இளகிய பிறகு அடுத்ததை விலக்குங்கள். பிள்ளைக்கு ஆகக் குறைந்த ஆர்வமுள்ள வேளை முதலில் போகட்டும். உறங்கும் வேளை கடைசியில்.

ஈசூன் அப்பா

தாய்மார் நடுவே ஒரு தகப்பன் எழுதுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் இரவுப் பாலை நிறுத்தியது என் மனைவியன்று, நான்தான். 13 மாதமான மகன் எழுந்து அழும்போது, அவள் மற்றோர் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருப்பாள். நான் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு, எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டின் பொதுத் தாழ்வாரத்தில் விளக்கொளியில் நடப்பேன். முதல் இரவு 50 நிமிடம் அழுதான். இரண்டாம் இரவும் ஏறக்குறைய அப்படியே. நான்காம் இரவில் தண்ணீரை இரண்டு மிடறு குடித்துவிட்டு என் சட்டைக் காலரைச் சப்பியபடி தூங்கிவிட்டான். தாயின் வாசனை அருகில் இருக்கும்வரை பிள்ளை விடாது; ஆகவே அந்த ஒரு வாரம் தகப்பன்தான் எழ வேண்டும். உங்கள் கணவரிடம் இதைப் படிக்கக் கொடுங்கள்.

பாசிர் ரிஸ் சகோதரி

எங்கள் முஸ்லிம் குடும்பத்தில் இரண்டு முழு ஆண்டுகள் கொடுக்க வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். 15 மாதத்தில் கருவுற்று நிறுத்த நேர்ந்தபோது நான் மிகவும் கலங்கினேன். பிறகு அந்தத் திருக்குர்ஆன் வசனத்தை முழுமையாக ஓதிப் பார்த்தேன்: பெற்றோர் இருவரும் கலந்து பேசி, மனமொப்பிப் பால்குடியை நிறுத்த விரும்பினால் அவர்கள்மீது குற்றமில்லை என்று அதே வசனம் தொடர்ந்து சொல்கிறது. பாதியோடு நிறுத்திக்கொண்டு என்னை நானே வருத்திக்கொண்டிருந்தேன். உலகச் சுகாதார நிறுவனமும் 2 ஆண்டு, அதற்கு மேலும் என்றுதான் பரிந்துரைக்கிறது. அதுவும் பரிந்துரைதான், தண்டனை அன்று.

பொங்கோல் தாய் (6 வாரங்களுக்குப் பின்)

இத்தனை அன்போடு எழுதிய அனைவருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லாமல் விட்டால் நன்றி கெட்டதனமாகிவிடும்.

முதலில் வேறொரு மகப்பேறு மருத்துவரிடம் சென்று, பட்டியலை அப்படியே வாசித்தேன். எனக்கு எதுவும் இல்லை என்றும், இரத்தக்கசிவோ வயிற்று இறுக்கமோ கண்டால் உடனே வர வேண்டும் என்றும், மற்றபடி கொடுக்கலாம் என்றும் சொன்னார். ஃபோலிக் அமிலத்தோடு இரும்புச்சத்து மாத்திரையும் எழுதிக் கொடுத்தார்.

மாமியாரிடம் தெம்பனிஸ் பாட்டியின் பதிவை நானே வாசித்துக் காட்டினேன். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, தம் அக்காள் மகள் ஒருத்தி அப்படித்தான் போய்விட்டாள் என்றும், அந்தப் பயம்தான் தம்மை வேப்பிலை வாங்க வைத்தது என்றும் சொன்னார். மறுநாளிலிருந்து பேத்தியின் சாப்பாட்டை அவரே எடுத்துக்கொண்டார். காலையில் கேழ்வரகுக் கூழ். மதியம் பராமரிப்பு நிலையத்து உணவு. மாலையில் குழைந்த சோற்றில் பருப்பும், உப்புப் போக ஊறவைத்து வறுத்துப் பொடித்த இக்கான் பிலிசும் (நெத்திலிக் கருவாடு). சில நாள் முருங்கைக்கீரை, சில நாள் முட்டை மஞ்சள் கரு. வேப்பிலை வாடி, சமையலறைச் சன்னலோரம் கிடந்து, கடைசியில் அரிசி டின்னுக்குள் போனது.

பகல் புட்டிகளில் ஒன்றைப் பால்மாவுக்கு மாற்றினோம். முதல் மூன்று நாள் துப்பினாள், நான்காம் நாள் குடித்தாள். இரவுப் பாலை என் கணவர் நிறுத்தினார். எட்டு இரவு ஆனது. மார்பு கட்டிக்கொண்ட இரண்டு நாளில், பூக்கடையில் மல்லிகைச் சரம் வாங்கி மார்பில் கட்டிக்கொள்ளச் சொன்னார் மாமியார். அது பலன் தருமா என்று யாராவது சொல்லுங்கள், எனக்கு இதமாகத்தான் இருந்தது. இப்போது அவளுக்குப் பன்னிரண்டரை மாதம். காலையிலும் உறங்கும்போதும் மட்டும் குடிக்கிறாள். எடை 8.6 கிலோகிராமிலிருந்து 9 ஆகியிருக்கிறது, கோட்டை விட்டுக் கீழே இறங்கவில்லை. பகலில் கொழுப்பு நீக்காத பசும்பால் தொடங்கிவிட்டோம்.

ஒரு கேள்வி இன்னும் இருக்கிறது. இந்த இரண்டு வேளையையும் அவளாக விடவில்லை என்றால், பிறக்கப்போகும் பிள்ளையின் சீம்பாலை இவள் குடித்துத் தீர்த்துவிடுவாளா?

முன்னாள் தாதி

மாட்டாள். சீம்பால் ஒரு பானையில் சேர்த்துவைத்த பொருள் அன்று. பிரசவம்வரையும் அதற்குப் பின் சில நாளும் உடல் அதைச் சுரந்துகொண்டே இருக்கும். நஞ்சுக்கொடி வெளியேறி, புரோஜெஸ்டெரோன் சட்டென்று இறங்கும்போதுதான் பால் பெருமளவில் சுரக்கத் தொடங்கும். பிறந்த பின் இருவருக்கும் கொடுப்பதானால் முதல் நாள்களில் புதிய குழந்தைக்கே முதலிடம். அது குடித்த பிறகு மூத்தவள் குடிக்கட்டும். சீம்பால் குடித்து அவளுக்கு மலம் இளகிப்போனால் பயப்பட வேண்டாம். பசும்பால் நாளொன்றுக்கு ஏறத்தாழ அரை லிட்டரைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் போனால் சோற்றுக்குப் பசி இராது, இரத்தச்சோகையும் வரக்கூடும்.

மல்லிகையைப் பற்றி உங்கள் மாமியார் சொன்னது பாட்டி வைத்தியம் மட்டுமன்று. வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியினர், பிரசவித்த பின் பாலை வற்றச் செய்ய வேண்டியிருந்த தாய்மாரிடம் மல்லிகையையும் புரோமோகிரிப்டின் மாத்திரையையும் ஒப்பிட்டு 1988இல் வெளியிட்டார்கள். பூ நன்றாகவே வேலை செய்தது. ஆகவே, மீதமுள்ள இரண்டு வேளையைத் தொடர விரும்பினால் இனிப் பூவைத் தலையில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 20ஆவது வாரத்தில் பால் மேலும் குறையக்கூடும். அப்போது அவளுடைய எடையை இங்கே மறக்காமல் எழுதுங்கள்.

பொங்கோல் தாய்

எழுதுகிறேன். அடுத்த எடை பார்க்கும் நாள் இந்த மாதம் 28. மாமியாரும் உடன் வருகிறார். கையேட்டில் புள்ளியைத் தாமே வைக்க வேண்டுமாம்.